இரண்டாவது பீரோ

என் தங்கை சினிமாவில் அடி வாங்கிப் பிழைப்பவள். நான் அதே படத்தில் உடை தைக்கிறவள். என் வீட்டுக்காரர் கேமராக்காரர். ஒரு குடும்பமே ஒரே சண்டைக் காட்சியில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

மரச்சாமான் கடை மாதிரி செட். தங்கை மாடியிலிருந்து ஒரு பீரோவைப் படிக்கட்டில் சரியவிட்டு, அதன் மேலேயே நின்றபடி இரண்டு பக்கமும் ரவுடிகளை உதைத்துக்கொண்டே வர வேண்டும். கீழே பீரோ மோதி நிமிரும்போது அந்தரத்தில் குட்டிக்கரணம் அடித்து, அதன் கண்ணாடி முன் குதித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி தலை சீவ வேண்டும். எல்லாம் அவளே யோசித்தது. போன வருஷம்தான் முழங்காலில் ஆபரேஷன். "இது நடுவுல வெட்டாம ஒரே ஷாட்ல வந்தா மிச்ச சண்டையெல்லாம் நீயே அமை. இல்லன்னா வேற ஆளுதான்," என்று ஸ்டண்ட் மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வந்தாள் பாருங்கள்! அம்மாடி! பீரோ தடதடவென்று இறங்குகிறது, இவள் பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி அலட்டிக்கொள்ளாமல் நிற்கிறாள். ஒருவனை உதைத்தாள். இன்னொருவன் தொப்பியைப் பிடுங்கி அவன் வாயிலேயே திணித்தாள். பறந்தாள். இறங்கி வகிடு எடுத்தாள். என் கூடப் பிறந்தவள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. செட்டே கைதட்டியது.

டைரக்டர் திரையில் போட்டுப் பார்த்தார். வெறும் மாடிப்படி. கேமரா அவள் கூடக் கீழே இறங்கவே இல்லை. என் வீட்டுக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, வாய்க்குள் ஈ போவது தெரியாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்! திரையைக் கவனிக்க வேண்டிய டைரக்டரும் எட்டி நின்று படியைத்தான் பார்த்திருக்கிறார்.

எனக்கு வந்ததே கோபம். "அவ பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே! கல்யாணத்தன்னிக்குக்கூட என்னை இப்படி வாயப் பொளந்து பாக்கல நீங்க!"

மனிதர் அழாத குறை. "கேமரான்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு," என்றார்.

தங்கையின் முழங்கால் அதற்குள் வீங்கியிருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. "நெசமாவா மாமா? அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?" என்றாள். பிறகு மாடியைப் பார்த்துக் கத்தினாள். "இன்னொரு பீரோ இருக்குல்ல, அத ஏத்துங்க!"

இந்த முறை அவர் தலையைப் பின்னாலிருந்து கேமராவோடு சேர்த்து நான் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். வந்தாள், உதைத்தாள், பறந்தாள். தரையைத் தொட்டதும் முழங்கால் மடங்கிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. அவளோ உட்கார்ந்த வாக்கிலேயே கண்ணாடியைப் பார்த்து, சாவகாசமாகத் தலை சீவினாள். அடிபட்டுக் கிடக்க வேண்டிய ரவுடிகளே குலுங்கிச் சிரித்தார்கள்.

ஸ்டண்ட் மாஸ்டர் தன் விசிலைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார். "நாளையிலேர்ந்து நீ சொல்லு, நான் கேக்கறேன்."

நான் அவள் காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இந்தத் தடவ எல்லாம் வந்துடுச்சும்மா. ஆனா முதல்ல பண்ணினியே, அத இனிமே யாருமே பாக்க முடியாதே."

"நீங்க பாத்தீங்கல்ல மாமா," என்றாள். "அத நீங்களே வச்சுக்குங்க."