கோத்தகிரிச் சம்பந்திக்கு ஒரு டப்பா களக்கோசு

மருமகள் கயல்விழி வேலைக்குக் கிளம்பியதும், பழனியாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மருமகளின் தோட்டத்தில் இறங்கினாள். தோட்டம் என்றால், கணபதியில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பின்னால், துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு வரிசைச் செடி. ஐப்பசி மழையில் நட்டது, மார்கழிக் குளிரில் இடுப்புயரம் வந்துவிட்டது. களக்கோசு என்று கயல் சொல்லியிருந்தாள். முட்டைக்கோசுக்குப் பங்காளியாக இருக்கும் என்று பழனியாத்தாள் நினைத்துக்கொண்டாள்.

அந்தச் செடிகள் காய்த்தே ஆக வேண்டும். கயலின் அப்பா அப்புசாமி கோத்தகிரியில் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர். மகள் தானாகப் பார்த்து, பழனியாத்தாளின் மகன் வேலனைக் கட்டிக்கொண்டதில் அவருக்கு மனத்தாங்கல். கல்யாணத்துக்கு வந்தார், அட்சதை போட்டார், பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டார். எங்கள் வீட்டுக்கு எப்போது வருவீர்கள் என்று கேட்ட மகளிடம், "உங்க ஊரு வெயில்ல களக்கோசு காய்க்கட்டும், அப்ப வாரேன்" என்றார். மலைக்குளிரில் விளைகிற காய் அது. வரமாட்டேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

கயல் அழவில்லை. குன்னூர்த் தோழியிடம் சொல்லி நாற்று வரவழைத்தாள். குழாயில் வருகிற சிறுவாணித் தண்ணீரில் பாதி செடிக்குப் போனது. வேலன் முனகாமல் உப்புத் தண்ணீரில் குளித்தான்.

மருமகள் வாய்விட்டுக் கேட்காத உதவியைச் செய்துவிட வேண்டும் என்று பழனியாத்தாளுக்கு ஆசை. சத்தியமங்கலத்துப் புகையிலைக் காடுகளில் பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். புகையிலையில் இலைக்கக்கத்தில் முளைக்கும் பக்கக்கண்ணை விட்டுவைத்தால் சத்தெல்லாம் அதற்குப் போய்விடும், இலை தேறாது. இந்தச் செடியிலும் ஒவ்வோர் இலைக்கக்கத்திலும் சுண்டைக்காய் போல ஒரு கண் உருண்டிருந்தது. உச்சியிலோ கோசு கட்டுகிற அடையாளமே இல்லை. வழியிலேயே இத்தனை பேர் தின்றால் உச்சிக்கு என்ன மிஞ்சும்? உச்சியருகே நகத்துக்கு அகப்படாத கடுகுக் கண்களை விட்டுவிட்டு, கைக்குப் பட்டதையெல்லாம் கிள்ளி எறிந்தாள். அப்புறம் எறிய மனம் வராமல் முறத்தில் சேர்த்தாள். பொம்மைக்கோசு மாதிரி அத்தனை அழகு.

சாயங்காலம் கயல் கைப்பையை வைத்த கையோடு வழக்கம்போலப் புறக்கடைக்குப் போனாள். பழனியாத்தாள் காப்பியோடு பின்னாலேயே போனாள்.

"இனிப் பாரு அம்மணி, உச்சியில பானையாட்டக் கோசு கட்டும்."

கயல் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "உச்சியில கட்டாதுங்க அத்தை. நீங்க கிள்ளிப்போட்டதுதானுங்க காயி."

ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை அந்தப் பெண். போகட்டும் என்றாள், காப்பியைக் குடித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அதைத்தான் பழனியாத்தாளால் தாங்க முடியவில்லை. அடுத்த வருஷம் புகையிலையே போட்டுவிடலாம் என்று வேலன் கேலி செய்யப் பார்த்தான். இரண்டு பெண்களும் முறைத்ததில் தட்டோடு எழுந்து போய்விட்டான்.

விடிந்ததும் பழனியாத்தாள் முறத்திலிருந்ததைக் கடுகும் வரமிளகாயும் தாளித்து வதக்கி, தேங்காய்ப்பூ தூவி ஒரு டப்பாவில் அடைத்தாள். மகனிடம் மட்டும் சொல்லிக்கொண்டு மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து கோத்தகிரி பஸ்ஸில் ஏறினாள். மலைப்பாதையின் வளைவுகளில் குமட்டியபோதெல்லாம் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டாள்.

கேரட் பாத்தியில் நின்ற அப்புசாமி, சம்பந்தியம்மாள் தனியாக வருவதைப் பார்த்துப் பதறிக் கையைத் துடைத்தார். யாருக்கும் ஒன்றுமில்லை என்று அவரைத் தேற்றிவிட்டு, அவள் உட்காராமலே டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"உங்க மக வெச்ச செடி காய்ச்சிருச்சுங்க சம்பந்தி."

அவர் ஒன்றை எடுத்து விரலிடுக்கில் உருட்டினார். "இது பிஞ்சுங்க. எந்தக் கிறுக்கன் இதைப் பறிச்சது?"

"கிறுக்கனில்லீங்க, கிறுக்கி. நாந்தானுங்க."

புகையிலைக் கதையைக் கேட்டு அவர் முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்த சிரிப்பில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே ஒன்றை வாயில் போட்டார், இன்னொன்றையும் போட்டார். செடி எவ்வளவு உயரம், இலை என்ன நிறம் என்று விசாரித்தார். அவள் கையால் காட்டினாள்.

"நுனியையும் கிள்ளிப்போட்டீங்களா?"

"அதைத் தொடலீங்க. அங்கதான் கோசு கட்டும்னு விட்டேன்."

அப்புசாமி தலையில் கைவைத்துக்கொண்டார். கிள்ள வேண்டியது அந்த நுனி ஒன்றைத்தானாம். அதை எடுத்தால், மேலே இருக்கிற சின்னக் கண்களெல்லாம் இன்னும் பருக்குமாம். பழனியாத்தாளுக்கு உயிர் வந்தது. இப்போதே போய்க் கிள்ளிவிடுவதாகச் சொல்லி டப்பாவை மூடப்போனாள்.

"வேண்டாமுங்க. நீங்க இன்னொருக்கா அந்தச் செடியில கை வெக்காதீங்க" என்றவர், வீட்டுக்குள் போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "நானே வாரேன்."

சாயங்காலம் கயல் வந்தபோது துவைக்கிற கல்லில் அவளுக்குப் பழக்கமான ஒரு துண்டு கிடந்தது. அப்பா வரிசையின் கடைசிச் செடிக்குக் குனிந்திருந்தார்.

"ஏங்கண்ணு, செடிய இப்படியா நெருக்கி நடுவாங்க?" என்றார், திரும்பாமலே.

கயல் கைப்பையைக் கல்லில் வைத்தாள். அவர் பக்கத்தில் போய் அப்படியே நின்றாள். உள்ளே பழனியாத்தாள் சாப்பிட வாழையிலையைக் கழுவிப் போட்டு, கைகால் அலம்பிக்கொண்டு வரச்சொல்லிக் குரல் கொடுத்தாள்.

அப்புசாமி மகளின் தோளைப் பிடித்து நிமிர்ந்து, உள்ளே பார்த்துக் கேட்டார். "டப்பாவுல அந்தப் பொரியல் ஏதாவது மிச்சமிருக்குங்களா?"