எதிர்பாராமல் நின்ற மின்சாரம்

அக்கா கதவைத் திறந்தாள். "வா" என்று அழைக்கவில்லை. நான் செருப்பைக் கழற்றும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது உள்ள இருக்கு" என்றாள்.

அது என்று அவள் குறிப்பிட்டது, நான்கு மாதங்களுக்கு முன்னர் என் கையாலேயே பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டரை. ஒரு கடையில் கம்ப்யூட்டர் பூட்டுவதே என் தொழில். உள்ளே ஓடும் வயர்களை வாரிவிட்டாற்போல் வரிசையாகக் கட்டுவேன் என்பதால் கடையில் எனக்குச் 'சீப்பு' என்று பெயர். உள்ளே இருப்பது தெரியும்படி பக்கத்தில் கண்ணாடி வைத்த பெட்டி வாங்க வருவோரில் சிலர் என்னையே கேட்டு வருவதுண்டு. இதைத் தற்பெருமையாகக் கொள்ளாதிருக்க வேண்டுகிறேன்.

அக்கா அந்தக் கம்ப்யூட்டரில் விளையாடுவது பொழுதுபோக்குக்காக அன்று. இணையவழிப் பந்தயங்களில் ஆடும் ஐந்து பேர் கொண்ட ஓர் அணி அவளைச் சோதனை முறையில் சேர்த்திருந்தது. சிறிய விளையாட்டுகள் எத்தனை மணி நேரமும் தடையின்றி ஓடின. அணியின் ஆட்டமோ கனமானது. எதிரிகள் சூழ்ந்து, திரை புகையும் நெருப்புமாக நிறையும் கட்டத்தில் கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்து, தானே மீண்டும் எழுந்தது. மூன்று பந்தயங்களில் இவ்வாறு நடந்தது. மூன்றிலும் அணி தோற்றுக்கொண்டிருந்த நேரம் அது. தோல்வி நெருங்கினால் அவளே அணைத்துவிட்டு ஓடுகிறாள் என்று கேப்டன் சந்தேகித்தார்.

அந்தச் சந்தேகத்துக்கு முத்திரை குத்தியவன் நான். சென்ற வாரம் அக்கா கேட்டுக்கொண்டதால், கடையில் இருந்தபடியே, தனக்கு நேர்வதையெல்லாம் அவளுடைய கம்ப்யூட்டர் தானே குறித்துவைக்கும் பதிவேட்டைப் பார்த்தேன். 'மின்சாரம் எதிர்பாராமல் நின்றது' என்று இருந்தது. பிளக்கைப் பிடுங்கினால் வரும் வரி அது. அதையே அக்காவிடம் சொன்னேன். கேப்டனும் என் எண்ணை வாங்கிக் கேட்டபோது, மிகுந்த மரியாதையோடு அவருக்கும் எழுதியனுப்பினேன்.

"நாலு மணிக்கு டீம்லேர்ந்து என் பேர எடுக்கறாங்க" என்றாள் அக்கா. "அதுக்குள்ள என்னன்னு கண்டுபிடி."

"அதான் சொன்னேனேக்கா. பிளக்கு..."

"இன்னொரு தடவ பிளக்குன்னு சொன்ன, உன்னத்தான் பிடுங்கி வெளிய போடுவேன்."

அக்காவின் கணவர், நான் மாமா என்று அழைப்பவர், துணிக்கூடையோடு வாசலில் வந்து நின்றார். "மச்சான், இந்த ரூம்ல சூடு கொஞ்சம் ஜாஸ்தி. பெட்டிக்கா இவளுக்கான்னு பார்த்துச் சொல்லு."

"நீங்க போய்த் துணிய மடிங்க" என்றாள் அக்கா. அவர் போய்விட்டார்.

நான் முறைப்படி தொடங்கினேன். வெப்ப அளவு சரியாக இருந்தது. விசிறிகள் சுழன்றன. மெமரியை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். டிரைவர் மென்பொருளை அழித்து மீண்டும் ஏற்றினேன். ஒவ்வொரு முறையும் அக்கா விளையாடினாள். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடத்துக்குள் திரை இருண்டது. கடையில் நான் சோதித்தபோது ஒருநாளும் அணைந்ததில்லை என்றேன்.

"உன் கடையில என்ன விளையாட்டு போட்ட?"

"கார் ஓட்டறது."

"எத்தன நிமிஷம்?"

ஏற்கனவே முடுக்கிய திருகை எடுத்து மறுபடி முடுக்கினேன்.

மணி இரண்டரை. அக்கா நாற்காலியைத் திருப்பினாள். "கீழ உட்காரு. பிளக்க நீயே பிடிச்சிக்க."

"எதுக்குக்கா?"

"பிடி."

சுவரோரம் சம்மணமிட்டு, பிளக்கைச் சுவரோடு சேர்த்து இரு கைகளாலும் அழுத்திக்கொண்டேன். மடித்த துண்டுகளை வைக்க வந்த மாமா, என்னைக் கடந்து அலமாரிக்குப் போய், என்னைக் கடந்தே திரும்பினார். சிரிக்காமலிருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. ஆட்டத்தில் வெடிச்சத்தம் கூடியது. ஏழாவது நிமிடம் பெட்டி அணைந்தது.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. "பிடுங்கினியா?"

"இல்லக்கா."

"அப்ப யாரு பிடுங்கினா?"

மின்சாரம் நின்றதை மட்டுமே பதிவேடு அறியும். சுவரில் நின்றதா, பெட்டிக்குள் நின்றதா என்று அதற்குத் தெரியாது. இது என் தொழிலில் முதல் வாரமே சொல்லித்தரும் செய்தி. பின்பக்க மூடியைக் கழற்றினேன். படம் காட்டும் கார்டில் மின்சாரம் ஏற்க இரண்டு வாய்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி கேபிள் இழுப்பதே முறை. நான் இரண்டு தலை கொண்ட ஒரே கேபிளால் இரண்டையும் மூடியிருந்தேன். கனமான ஆட்டத்தில் கார்டு கேட்கும் மின்சாரத்தை அந்த ஒற்றைக் கேபிள் தாங்கவில்லை. தொட்டேன், கை சுட்டது. தலையின் வெள்ளைப் பிளாஸ்டிக் ஓரத்தில் பழுப்பேறியிருந்தது.

அப்போதும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். "பவர் சப்ளைல ஏதோ சின்னக் குறைக்கா. கம்பெனியோடது."

அக்கா கட்டிலுக்கடியிலிருந்து அட்டைப்பெட்டியை இழுத்து, உறை பிரிக்காத கேபிள் ஒன்றை என் மடியில் போட்டாள். "இது எதுக்குக் குடுத்திருக்காங்க?"

"அது... இரண்டாவது வாய்க்கு."

"ஏன் மாட்டல?"

"கண்ணாடி வழியா பார்த்தா ரெண்டு கேபிள் நல்லா இருக்காதுன்னு."

"யாருக்குடா நல்லா இருக்காது? நான் விளையாடறப்ப திரையப் பார்ப்பேனா, உன் வயரப் பார்ப்பேனா? ஊரெல்லாம் என்னத் தோத்தாங்கோளின்னு சொல்லிச்சு. நீ சீவி வச்ச அழகுக்காக."

புதிய கேபிளை மாட்டினேன். அது கண்ணாடியின் குறுக்கே கோணலாகத் தொங்கியது. திருத்த நான் கை நீட்டவில்லை. அக்கா முக்கால் மணி நேரம் விளையாடினாள். புகை, நெருப்பு, வெடி எல்லாம் வந்துபோயின. பெட்டி அணையாமல் ஓடியது.

"சரியாயிடுச்சுக்கா."

"பெட்டி சரியாயிடுச்சு" என்றாள். தன் ஹெட்செட்டைக் கழற்றி என் தலையில் மாட்டினாள். "மணி நாலாகப் போகுது. டீம்ல எல்லாரும் லைன்ல வந்தாச்சு. சொல்லு."

"நான் மெசேஜ் போட்டுடறேனே."

"பிளக்குன்னு மெசேஜ்தானே போட்ட. இத வாயால சொல்லு."

"வணக்கம்" என்றேன். "தங்கள் நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்கணும்..."

"யாரு? விஷயத்தச் சொல்லுங்க" என்றார் கேப்டன்.

"கம்ப்யூட்டர் பூட்டினவன். கேபிள நான்தான் தப்பா மாட்டிட்டேன். அக்கா எதையும் அணைக்கல. இன்னிக்கு நானே பிளக்க அழுத்திப் பிடிச்சிட்டிருக்கும்போதுதான் அணைஞ்சுது."

"அன்னிக்கு பிளக்குன்னு எழுதினது நீங்கதானே?"

"நான்தான்."

"பெட்டியத் திறந்து பார்த்தீங்களா?"

"பார்க்கல."

மறுமுனையில் யாரோ மெல்லிய குரலில் ஏதோ சொல்ல, இருவர் சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை. "பார்க்காம எழுதறவருக்குக் கடை எதுக்கு? அவங்கள வரச் சொல்லுங்க. ஆட்டம் இருக்கு."

அக்கா ஹெட்செட்டை என் தலையிலிருந்து உருவிக்கொண்டாள். "எழுந்திரு."

எழுந்தேன். கதவருகே நின்று, "கொஞ்ச நேரம் இருக்கட்டுமாக்கா? ஒருவேள மறுபடி அணைஞ்சா..." என்று கேட்டேன்.

"அணைஞ்சா ஆளக் கூப்பிட்டுக்கறேன்" என்றாள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "உன்ன இல்ல. வேற ஆள."