வளையத்தில் விட்ட இடம்

அறுபத்தொன்றாம் வருடச் சித்திரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கிட்டாரின் வளையம் உதிர்ந்தது. கிட்டாரின் வயிற்றில் வட்டமாக ஒரு துளை இருக்குமே, அதைச் சுற்றிப் பள்ளம் வெட்டி முத்துச்சிப்பிச் சில்லுகளைப் பதித்திருந்தார்கள். இரண்டு ஓரத்திலும் கறுப்பு மர இழை ஓடும். அந்த வருடம் அடித்த வெயிலில் பசை செத்துப்போய், நாலைந்து சில்லுகள் அவர் மடியில் விழுந்தன. அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, சோற்றில் கிடந்த கல்லைப் பொறுக்குவதுபோல் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

அவர் என் வீட்டுக்காரர், அருள்நாதன். பேகம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் தரம் பிரிக்கிற வேலை. தோலைப் பார்க்கவே மாட்டார், கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார், இது ஒன்றாம் ரகம், இது இரண்டு என்று தள்ளிவிடுவார். கிட்டார், ரயில்வேயில் கார்டாக இருந்த ஒரு ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும்போது கொடுத்துவிட்டுப் போனது. கையில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத தோல் வாடையோடு அதை மடியில் வைத்துக்கொண்டு, கோயில் பாட்டும் சினிமாப் பாட்டும் கலந்து வாசிப்பார்.

எங்கள் மகள் சவரிக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. பக்கத்து வீட்டுக் காதர் பீவி அக்காதான் முதலில் வாய்விட்டுச் சொன்னது.

"லூர்து, கோவிச்சுக்காத. அவ பின்னாடி நின்னுக்கிட்டு ஈயச் சட்டியத் தரையில போட்டேன். எங்க கோழியெல்லாம் பறந்து கூரையில ஏறிருச்சு. ஒம் புள்ள அசையல."

அவர் சிரித்தார். "ஒங்க சட்டிச் சத்தம் அவளுக்குப் பிடிக்கலக்கா. நான் கிட்டார எடுத்தா எம்புட்டு வேகமா ஓடியாரான்னு பாத்தீங்கள்ல? காது கேக்காத புள்ளயா பாட்டுக்கு ஓடியாரும்? எங்கப்பாவே அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தாரு. அப்பறம் சாகுற வரைக்கும் மூடல."

அவர் சொன்னது பொய்யில்லை. ஆணியிலிருந்து கிட்டாரை இறக்கினால் போதும், முற்றத்தில் மண்ணை அளைந்துகொண்டிருப்பவள் அப்படியே விட்டுவிட்டு ஓடிவருவாள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூக்கு இடிக்கிற மாதிரி துளையருகே முகத்தை வைத்துக்கொள்வாள். பாட்டு முடிகிற வரை நகரமாட்டாள். அந்த ஒரு காட்சியை வைத்துத்தான் நாங்கள் இருவரும் ராத்திரி தூங்கினோம்.

வளையம் உதிர்ந்த மறுவாரம், மிச்சச் சில்லுகளையும் நெம்பி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டிவிடலாம் என்று உட்கார்ந்தார். எடுத்ததையெல்லாம் கழுவி ஒரு சுளகில் பரப்பி வாசல் வெயிலில் காயவைத்தேன். சவரி சுளகின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு சில்லை எடுத்துச் சாய்ப்பாள், பச்சையாக மின்னும். திருப்புவாள், ரோஸாக மின்னும். உள்ளே அவர், வளையமில்லாத கிட்டார் எப்படிப் பேசுகிறது பார்ப்போமே என்று மடியில் வைத்து ஒரு பாட்டை ஆரம்பித்தார்.

அவள் வரவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் வாசித்துக்கொண்டே எழுந்து நிலைப்படிக்கு வந்தார். அவள் முதுகுக்கு ஒரு முழம் பின்னால் நின்று ஆறு தந்தியையும் சேர்த்து ஓங்கி அடித்தார். தெருவில் போன ஒரு மாட்டுவண்டிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். சவரி கையிலிருந்த சில்லை இன்னொரு பக்கம் சாய்த்தாள்.

அவர் கை தந்தியின் மேலேயே நின்றுவிட்டது. நான் அரிசி களைந்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இருவரும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டதால் யாரும் யாருக்கும் மறைக்க முடியாமல் போயிற்று.

"நாளைக்கு வளையத்த ஒட்டிட்டா வருவா," என்றார்.

"வருவாதாங்க. மின்னுறதப் பாக்க வருவா," என்றேன்.

அவர் கிட்டாரை ஆணியில் மாட்டினார், சுவரைப் பார்க்கத் திருப்பி.

மதுரைக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் அவளுக்குப் பின்னால் மணி ஆட்டினார், கை தட்டினார், காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறவியிலேயே இப்படித்தான், மருந்து கிடையாது என்று மெதுவாகச் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் சவரி அவர் மடியில் நின்றுகொண்டு, ஜன்னல் வழியே ஓடுகிற பனைமரங்களுக்குக் கையாட்டிக்கொண்டே வந்தாள். வாடிப்பட்டி தாண்டியதும் அவர் சொன்னார்: "மூணு வருசமா நான் ஒரு கண்ணாடியத்தான் காட்டிக்கிட்டு இருந்திருக்கேன் லூர்து." அவர் தோளில் கிடந்த துண்டைச் சரியாக இழுத்துப் போட்டேன்.

அதன்பிறகு வீட்டில் பாட்டில்லை. வேலைக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். காதர் பீவி அக்கா சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஏந் தம்பி, ஒங்க பாட்டு இல்லாம எங்க வீட்டுக்காரரு ஒழுங்கா ஒறங்க மாட்டேங்குறாரு. சட்டியப் போட்ட பாவத்துக்கு என்னையத் திட்டுறாரு," என்றது. அவர் சிரிக்கப் பார்த்தார். சட்டி போட்டதைப் பற்றி அந்த அக்காவுக்கு எங்களைவிட அதிக வருத்தம்.

ஆடி மாதம் காற்று அடிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள், கிட்டாரை யாருக்காவது கொடுத்துவிடலாம், கொடுப்பதற்கு முன் பள்ளத்தில் ஒட்டியிருக்கிற பழைய பசையைச் சுரண்டிவிடலாம் என்று கீழே இறக்கினார். தரையில் மல்லாக்கப் போட்டு உளியால் சுரண்டினார். சவரி பக்கத்தில் வந்து, துளைக்குக் கொஞ்சம் கீழே பலகைமேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். உளி நழுவித் தடித்த தந்தியில் பட்டது. தந்தி அதிர்ந்தது.

சவரி சுட்டுக்கொண்டவள் மாதிரி வெடுக்கென்று கையை எடுத்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு குனிந்து துளைக்குள் பார்த்தாள், உள்ளே ஏதோ வண்டு மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதுபோல. கிட்டாரைத் தூக்கி அடியிலும் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மறுபடியும் அதே இடத்தில் கையை வைத்து, அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் உளியைக் கீழே வைத்தார். கட்டைவிரலால் அதே தந்தியைத் தட்டினார். இந்த முறை அவள் கையை எடுக்கவில்லை.

கிட்டாரைக் கொடுக்கிற பேச்சு அன்றோடு போயிற்று. வளையத்தை ஒட்டினார். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் வந்தது. சுற்றிலும் சில்லை வைத்துப் பார்த்தபோது, அவள் கை அதிர்வை மறந்துவிட்டு மின்னுவதை நோண்டப் போயிற்று. அதனால் துளைக்குக் கீழ்ப்பக்கம், அவள் கை படுகிற அளவுக்கு மட்டும் சிப்பியை வைக்காமல், வெறும் மரச்சிம்பைப் பள்ளத்தில் இறக்கி, மட்டமாக இழைத்தார். கட்டைவிரலால் தடவித் தடவி, ஒன்றாம் ரகமாகிற வரை விடவில்லை. மற்ற இடத்தில், உடைந்துபோன சில்லுகளுக்குப் பதிலாக என் கறுப்பு ரப்பர் வளையலை வெந்நீரில் போட்டு இளக்கி, வெட்டி வைத்தார். பசைக்கு ஷாப்பில் தோல் சீவலைக் காய்ச்சி எடுக்கிற வஜ்ரம். இரண்டு நாள் வீடே நாறியது. "இது பாட்டுப் பொட்டியா, தோல் தொட்டியா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டது காதர் பீவி அக்கா.

அறுபத்தொன்பது தையில் அவர் தவறினார். அடக்கத்துக்கு வந்த அந்தோணிமுத்து, அவரோடு கோயிலில் பாடுகிறவர், சுவரில் இருந்த கிட்டாரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் நறுவிசாச் செய்ற மனுசன், இத ஏன் அரைகுறையா விட்டுட்டாரு?" என்று கேட்டார். அந்த நேரத்தில் என்னால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த அறுபத்தொன்றில், வஜ்ரம் காய்ந்த மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் கிட்டாரை மடியில் வைத்தார். சவரி சிப்பியைத் தொட்டுப் பார்த்தாள், ரப்பரைத் தொட்டாள், பிறகு வெறும் மரத்துக்கு வந்து உள்ளங்கையை அகல விரித்து வைத்தாள். அவர் மெதுவாக வாசித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். செத்த நேரம் அப்படியே இருந்தாள். நான் அடுப்படியில் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன்.

திடீரென்று எழுந்து ஓடிவந்தாள். கத்தரிக்காயும் தண்ணீருமாக இருந்த என் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் வாசிப்பதை நிறுத்தவில்லை. சவரி என் கையைத் தன் பாவாடையில் துடைத்தாள். விரல்களைப் பிரித்து, அந்த இடத்தில் அழுத்தி வைத்து, தன் கையையும் அதன் மேல் வைத்தாள். உள்ளே இருந்து சன்னமாக ஏதோ ஏறி வந்து என் மணிக்கட்டுவரை நடந்தது. நான் அதுவரை அந்தக் கிட்டாரைத் துடைத்திருக்கிறேனே தவிர, அப்படித் தொட்டதில்லை.

நிமிர்ந்தபோது, சவரி கண் இமைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்கிறதா என்று.