அடையாளம் தெரியாத தவளை

மனிதனும் இயற்கையும் மனம்விட்டுப் பேசிக்கொள்ளாத இக்காலத்தில், இருவரையும் ஒரே பாயில் உட்காரவைக்கும் வல்லமை கலைக்கு மட்டுமே உண்டு. ஏரிக்கரைப் பழைய பம்ப் ஹவுஸின் சுவரில் ஆளுயர எழுத்தில் இப்படித்தான் எழுதியிருந்தது. அதற்கு முதலில் கழிப்பறையில் தண்ணீர் வரவேண்டும் என்பதால் பிளம்பரைக் கூப்பிட்டார்கள்.

கலைஞர்கள் வந்து தங்கிப் படைக்கும் திட்டம் ஒன்று அங்கே நடந்தது. ஊர்மக்களோடு பழக வேண்டும், இயற்கையோடு இழைய வேண்டும். சாப்பாடும் போர்வையும் திட்டத்தின் பொறுப்பு. அந்த முறை வந்தவன் ஒலிக் கலைஞன். பூனைக்குட்டி போல ரோமம் போர்த்திய மைக்கைக் கீழே இறக்காமல் திரிந்ததால் அவன் பெயரே மைக் ஆகிவிட்டது.

பிளம்பருக்கு மதியச் சாப்பாடு கொண்டுவருவது அவர் மனைவி. இருவரும் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிறகு அவர் சாய்வார். அவள் மிச்சத்தை வாத்துகளுக்குப் போட்டபடி, புருஷனைப் பற்றி அவற்றிடம் குறை சொல்வாள். வாத்துகள் பதில் சொல்லும். மேலே இருந்த கிளையில் மைக் தன் கருவியைக் கட்டினான்.

"நீங்க பாட்டுக்கு இருங்கக்கா. நான் ஒருத்தன் இல்லைன்னு நெனச்சுக்குங்க."

"அதுல என்ன கஷ்டம் தம்பி. இந்த மனுஷன்கிட்ட எனக்கு நல்லா பழகிப்போச்சு."

அவன் கட்டிவிட்டுப் போய்விடுவான். பிளம்பர் கட்டையைச் சாய்த்ததும் அவள் வாத்துகளிடம், "ஆரம்பிச்சாச்சு மோட்டாரு" என்பாள். முழங்கையால் ஒரு இடி. "இந்தாங்க, திரும்பிப் படுங்க. அதுங்க பயப்படுது."

ஒருநாள் மைக் அவள் காதில் ஹெட்போனை மாட்டிப் பதிவைப் போட்டுக் காட்டினான். தன் குரலைக் கேட்டுவிட்டு அவள், "யாரு இந்த ராங்கி?" என்றாள்.

மழை விட்ட வாரம் அவள் செத்துப்போனாள். துணி காயப்போட மாடிக்குப் போனவள். நெஞ்சு.

வீட்டில் அவள் படம் நிறைய இருந்தது; குரல் இல்லை. போனை நீட்டினால் வாயை இறுக்கிக்கொள்வாள். உலகத்தில் அவள் வாயை அடைத்த ஒரே பொருள் அது என்று பிளம்பர் முன்பெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இப்போது சொல்வதில்லை. தூங்குவதும் இல்லை. இடிக்க ஆளில்லாத பக்கமாகத் திரும்பிக் கண் திறந்தே கிடந்தார்.

கண்காட்சிக்கு அழைப்பு வந்தது. பிளம்பர் சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு, குழாய்க் கடையில் இருந்தவர்களிடமெல்லாம், "நம்ம வீட்டம்மா பேசப்போறா, பெரிய ஸ்பீக்கர்ல" என்று சொல்லிவிட்டு மகளோடு புறப்பட்டார்.

"அப்பா, அங்க வந்து அழுதுகிழுது வைக்காதீங்க."

"ஏன் அழணும்? திட்டத்தானே போறா."

திட்ட இயக்குநர் அம்மையார் நீளமாகப் பேசினார். சமூகமே எங்கள் உயிர் என்றார். சமூகமாக வந்திருந்த இரண்டு பேரும் கதவோரம் நின்றார்கள்.

விளக்கை அணைத்தார்கள். காற்று கேட்டது. தண்ணீர் கேட்டது. வாத்துகள் பதில் சொல்லின. கேள்வி மட்டும் வரவில்லை. முடிந்ததும் கைதட்டினார்கள். பிளம்பரும் தட்டினார், அவள் இனிமேல்தான் வருவாள் என்று.

மைக்கிடம் போய், "தம்பி, அவ எப்ப வருவா?" என்றார்.

பதிவு முடிந்ததிலிருந்து அறைக்குள்ளேயே வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த மைக்குக்கு விஷயம் தெரியாது. பெருமையாகவே சொன்னான். "மனுஷக் குரல் மொத்தத்தையும் சுத்தம் பண்ணிட்டேண்ணே. அக்கா குரலை எடுக்கத்தான் படாதபாடு. வாத்துமேலயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு." அவள் என்ன பேசுகிறாள் என்று அவன் கேட்டிருக்கவில்லை, எங்கே பேசுகிறாள் என்று மட்டும் பார்த்து வெட்டியிருந்தான்.

"எடுத்ததை எங்க விட்ட?"

"எங்கயும் விடலண்ணே. அழிச்சாச்சு."

"அது எப்படி?" பிளம்பர் நிதானமாகத்தான் கேட்டார். "வெளிய எடுத்தா எங்கயாவது போய்ச் சேரணுமே. ஒரு தொட்டி, ஒரு குழி, ஏதாவது..."

"அம்மா போயிட்டாங்க," என்றாள் மகள், மைக்கிடம்.

அவன் கையிலிருந்த மைக்கைக் கீழே இறக்கினான். அதற்குள் இரண்டாம் பகுதி தொடங்கிவிட்டது.

"இந்த ஏரியின் ஆதிக் குரல்," என்று இயக்குநர் கிசுகிசுத்தார். "அடையாளம் தெரியாத தவளை. கண்களை மூடிக்கொள்ளுங்கள்."

எல்லோரும் மூடிக்கொண்டார்கள். தவளை கனமாக இழுத்தது, விட்டது, இழுத்தது. முன்வரிசையில் ஒருவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

மகள் தகப்பனைப் பார்த்தாள். "அப்பா, இது உங்க குறட்டை."

"தெரியுது. பேசாம இரு."

குறட்டை ஏறி ஏறிப் போய், உச்சியில் சட்டென்று நின்றது. வெறும் இடைவெளி. ஒரு வாத்து. பிறகு மெல்லிசாக மறுபடி.

"அங்கதான் இடிச்சா," என்றார்.

கேட்பவர்கள் சாய்ந்துகொள்ளச் சுவரோரம் போட்டிருந்த மெத்தையில் போய்ச் சாய்ந்தார். சத்தம் நின்ற ஒவ்வொரு முறையும், சொன்னபடி கேட்கிற பிள்ளைபோல, திரும்பிப் படுத்தார்.

கடைசியில் ஸ்பீக்கரை அணைத்தார்கள். தவளை நிற்கவில்லை. கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். பிளம்பர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.