ஐம்பத்திரண்டு படிகள்

துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரத்து ரயில்வே பட்டறையில் முப்பது வருடம் ஸ்பானர் பிடித்த லசாத்துக்கு இரண்டு விஷயங்களில் சந்தேகமே கிடையாது. ஒன்று, கடவுள் இல்லை. இன்னொன்று, சாயங்கால அஸர் தொழுகை முடிந்த கால் மணி நேரத்தில் ஹாஜி முன்ஜி வந்துவிடுவார்.

மனைவி இறந்த வருடம் தொடங்கிய வழக்கம் அது. மகள் பிரான்சில், லியோனில் இருக்கிறாள், பெருநாளுக்குப் பெருநாள் போன் செய்வாள். மற்றபடி அந்த மூன்றாம் மாடிக் கதவைத் தட்ட முன்ஜியை விட்டால் நாதி கிடையாது. ஐம்பத்திரண்டு படி ஏறி, மூச்சு வாங்கி, நாற்காலியில் பொத்தென்று விழுந்து, பாதாம் மிதக்கும் புதினாத் தேநீரில் ஒரு மடக்கு உள்ளே போனதும் மனிதர் கடவுள் பேச்சை ஆரம்பித்துவிடுவார். லசாத்தும் விடமாட்டார். பதினோரு வருடமாக இதே கூத்து.

"சுவரைப் பார்த்து ஒரு நாளைக்கு அஞ்சு வேளை பேசுறியே ஹாஜி, ஒரு நாளாவது பதில் வந்துச்சா?"

"பதிலுக்காகவா பேசுறேன்? பேசாம இருக்க முடியல, பேசுறேன். உனக்கெங்க புரியும், கழுதை!"

"கழுதையைப் படைச்சதும் உன் ஆளுதானே?"

"அவன் நல்லாத்தான் படைச்சான். ரயில்வேக்காரனுங்க கெடுத்துட்டானுங்க."

முன்ஜி போனதுமே லசாத் மறுநாளைக்கான கேள்வியை யோசிக்கத் தொடங்குவார். உள்ளதைச் சொன்னால், அந்தக் கேள்விகளை வைத்துத்தான் அவர் நாளைத் தள்ளினார்.

ஆலிவ் அறுவடை சமயத்தில் ஒரு நாள் முன்ஜி அரை மணி தாமதமாக வந்தார். இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன.

"இனிமே படி ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டான். காலு கெடக்குது, விடு. நாளைக்கு நாம செத்தா மறுமையில நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அதை நெனச்சா ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குதுடா." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

லசாத்துக்குத் தாங்கவில்லை. ஒரு வரிதானே, சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது, கிழவன் தூங்கட்டுமே என்று தோன்றியது. "சரி, நீ ஜெயிச்சுட்ட" என்றார். அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்த கலிமாவை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். முன்ஜி குழந்தை மாதிரி அழுதார். லசாத்தின் நெற்றியில் முத்தமிட்டார். பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

மறுநாள் லசாத் தேநீர் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கால் வலிதான் காரணம் என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தார். அதே காலோடுதானே அன்றைக்கு ஏறி வந்தான்? என்னைப் பார்க்க வருகிறான் என்று பதினோரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேனே, அவன் வந்தது என்னைக் கரையேற்ற. ஏற்றியாகிவிட்டது, இனி எதற்கு வருவான்?

அவன் வீட்டுக்கு நாம் போகலாம் என்றால் அங்கே மகன், மருமகள், ஏழு பேரப்பிள்ளைகள். அந்தக் கூட்டத்தில் கடவுள் இல்லை என்று வாயைத் திறக்க முடியுமா?

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கு, ஜும்மா தொழுகைக்கே போய்விட்டார். பொய் சொன்னேன், நாளைக்கு வா, சண்டை போடலாம் என்று சொல்லிவிடுவதாகத் திட்டம். முன்ஜி நாற்காலியில் உட்கார்ந்து தொழ, லசாத் பக்கத்தில் குனிந்து நிமிர்ந்தார். இத்தனை அருகில் இருந்தும் ஒரு வார்த்தை பேச வழியில்லை. முடிந்ததும் முன்ஜி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பதான்டா நிம்மதியாத் தூங்குறேன்."

லசாத் அந்தக் கையைத் தட்டிக் கொடுத்தார். "தூங்கு ஹாஜி. நல்லாத் தூங்கு."

வீட்டுக்கு வந்து இரண்டு குவளையில் தேநீர் ஊற்றினார். எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்து, "உன் ஆளு அவ்வளவு இரக்கமுள்ளவன்னா உனக்கு எதுக்கு இந்த முழங்கால் வலியைக் குடுத்தான்? சொல்லு பார்ப்போம்" என்றார்.

அருமையான கேள்வி. பதில் வரவில்லை. தேநீர் ஆறிப்போயிற்று.

மறுநாளும் அஸர் முடிந்த கால் மணி நேரத்தில் இரண்டு குவளைகளை எடுத்து வைத்தார். பேசாமல் இருக்க முடியவில்லை, பேசினார்.