லோரி வெளிச்சத்தில் ஓர் உள்பாவாடை

நாகப்பனுக்குப் பயம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். தாப்பா ரோட்டு வளைவில் எதிரே முழு வேகத்தில் காய்கறி லோரி வந்தாலும் சாதாரணமாக ஒதுங்கி வழிவிடுவான். மழைக்காலத்தில் மேட்டு மண் சரிந்து பாதி ரோட்டை மூடிக் கிடந்தாலும் ஓரமாக ஊர்ந்து தாண்டிவிடுவான். ஆனால் எஸ்டேட் லைன் வீடுகளில் எவளாவது ஒருத்தி தன் மகள் குமுதாவைப் பார்த்து, “ஆத்தா இல்லாத பிள்ள, அதான் இப்படி” என்று சொல்லிவிடுவாளோ என்று நினைத்தால் மட்டும் அவனுக்குத் தூக்கம் போய்விடும்.

மனைவி சாரதா இறந்து இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தில் யாரும் அப்படிச் சொல்ல அவன் இடம் வைக்கவில்லை. தைப்பூசத்துக்கு மகள் சேலை கட்டியபோது கைப்பேசியில் வீடியோ பார்த்து, மண்டியிட்டு உட்கார்ந்து, கொசுவத்தைப் பிடித்து நீவிவிட்டவன் அவன். எஸ்டேட் லோரியின் கியரை முப்பது வருஷம் பிடித்த கை அது. கொசுவம் கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் நின்றது.

இப்போது குமுதாவுக்கு வேலை கிடைத்திருந்தது. எஸ்டேட்டின் உச்சியில், சுற்றுப் பயணிகள் வந்து தேநீர் குடிக்கிற கண்ணாடிக் கடையில். திங்கட்கிழமை முதல் நாள். சனிக்கிழமை சாயங்காலம் சீருடையைப் போட்டுக்கொண்டு வந்து அப்பன் முன்னால் நின்றாள். பச்சைச் சட்டை, முழங்காலுக்குக் கீழே இறங்கும் சந்தன நிறப் பாவாடை. அவளுக்குப் பின்னால் சமையலறை ஜன்னல். ஜன்னலில் சாயங்கால வெயில்.

நாகப்பன் பார்த்தான். உடனே தலையைத் திருப்பிச் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தான்.

“எப்படிப்பா இருக்கு?”

“தேதி பதினாறு” என்றான் நாகப்பன்.

சாரதா இருந்திருந்தால் இந்தச் சங்கடமே வந்திருக்காது. மகளுக்குப் புதுத் துணி என்று எது வந்தாலும், “பின்வாசல்ல போய் நில்லு” என்பாள். பின்வாசல் கிழக்கே பார்த்தது. மகள் வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்க, இவள் உள்ளே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். கால் நிழலாகத் தெரிந்தால் தீர்ப்பு உடனே வரும்: “போ, உள்பாவாடை போட்டுட்டு வா.” மேல்முறையீடு கிடையாது. அந்த நேரங்களில் நாகப்பன் வெளியே போய் லோரிக்குத் தண்ணீர் ஊற்றுவான்.

இப்போது வெளியே போக முடியாது.

“உள்ள ஏதாச்சும்...” என்று ஆரம்பித்தான்.

“ஷார்ட்ஸ் போட்டிருக்கேன்ப்பா.”

“அது இல்ல. இன்னொண்ணு. இப்படி இருக்கும்.” இரண்டு கைகளையும் விரித்து, காற்றில் மேலிருந்து கீழாக அகலமாக ஒன்றை வரைந்து காட்டினான்.

“என்னாப்பா அது, மணியா?”

“உங்கம்மா சொல்லும்ல.”

குமுதாவுக்குப் புரிந்துவிட்டது. “உள்பாவாடையா! ஐயோ, இப்ப யாருப்பா அதப் போடுறா? ஷார்ட்ஸ்தான் லா. குளிருக்கும் நல்லது, ஏறி இறங்கவும் நல்லது, பாக்கெட்டும் இருக்கு. உள்பாவாடையில பாக்கெட் இருக்கா?”

உள்பாவாடையில் பாக்கெட் உண்டா என்று நாகப்பனுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கடையை அவனுக்குத் தெரியும். வாரம் இரண்டு தடவை தேயிலைப் பெட்டி இறக்கப் போகிறவன். மூன்று பக்கமும் கண்ணாடி, அதற்குப் பின்னால் முழுப் பள்ளத்தாக்கு, வானம். உள்ளே யார் நின்றாலும் கீழே கார் நிறுத்துகிற இடத்திலிருந்து பார்த்தால் தோல்பாவைக்கூத்துத் திரையில் நிற்கிற மாதிரிதான்.

பக்கத்து வீட்டு வேலாயியைக் கேட்கலாம். லைனிலேயே வயசில் மூத்தவள், முப்பது வருஷம் கொழுந்தெடுத்தவள், சாரதாவுக்கு நெருக்கம். ஆனால் கேட்ட அந்த நிமிஷமே, “பாவம், ஆத்தா இல்லாத பிள்ள, அப்பன்காரன் உள்பாவாடைக்கு அலையுறான்” என்று ஆகிவிடும். வேண்டாம். தானே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிரிஞ்சாங் டவுனுக்குப் போனான்.

ரெங்கசாமியின் துணிக்கடையில் சாமான் வாங்க வந்தவர்கள் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை நாகப்பன் ஒரே துண்டை மூன்று தடவை விரித்துப் பார்த்தான்.

“துண்டா நாகப்பா?”

“இல்ல. பொம்பளைங்க... உள்ள கட்டுறது.”

ரெங்கசாமியின் முகமெல்லாம் வெளிச்சமாகிவிட்டது. மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து நாகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சொல்லவே இல்லியேய்யா! நல்ல முடிவு. ரெண்டு வருஷமாச்சுல்ல, ஒரு ஆம்பள எவ்வளவு நாளைக்குத் தனியா ஆக்கித் தின்பான்?”

“அண்ணே, அது இல்ல...”

“கூச்சப்படாத. எந்த ஊரு பொண்ணு? ரிங்லெட்டா?”

“மகளுக்குண்ணே!”

“ஆமா, மகளும் ஒத்துக்கணும், அதுதான் முக்கியம்” என்ற ரெங்கசாமி ஏணியில் ஏறிவிட்டார். “மங்களமா ரோஸ் கலர்ல தரேன். இடுப்பு அளவு தெரியுமா? சரி, தெரியாட்டி போவுது, நாடா வச்சதுதான, யாருக்கும் சேரும்.”

நாகப்பன் இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். இரண்டு தடவையும் ரெங்கசாமி கண்ணைச் சிமிட்டினார். ரெங்கசாமியின் சம்சாரம் வேலாயிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்பது, மோட்டார் பாதி வழி வந்த பிறகுதான் அவன் ஞாபகத்துக்கு வந்தது.

லைனுக்கு வந்து சேர்ந்தபோது வேலாயி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் கைப்பேசி.

“என்னா தம்பி, பையில?”

“கத்திரிக்கா, அக்கா.”

“ரோஸ் கலர்லயா காய்க்குது இப்ப?”

அவன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனான். உள்ளே குமுதா மேசைக்கு எதிரே நேராக உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் கழுவிய மாதிரி இருந்தாள்.

“அப்பா, திலகம் அக்கா எல்லாத்தையும் சொன்னாங்க” என்றாள். திலகம் வேலாயியின் மருமகள். “எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. நீங்க யாரையாச்சும் கட்டிக்கணும்னா கட்டிக்குங்க. என்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.”

நாகப்பன் பையை அப்படியே அவள் மடியில் போட்டான். “உனக்குத்தான் வாங்கினேன், கழுத! உன் சீருடைக்கு!”

குமுதா பிரித்துப் பார்த்தாள். விறைப்பான ரோஸ் உள்பாவாடை. எழுந்து நின்று மேலே வைத்துப் பார்த்தாள். அது பாவாடையைத் தாண்டிக் கணுக்கால் வரை போய் அங்கே கொஞ்சம் விரிந்து நின்றது. அவளுக்குச் சிரிப்பு ஆரம்பித்தது. நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நாகப்பன் சிரிக்கவில்லை.

“உனக்கென்ன, சிரிப்ப” என்றான். “நாளைக்கு அந்தக் கண்ணாடிக்குள்ள நீ நிப்ப. கீழ இருந்து யாராச்சும் பார்த்து, ஆத்தா இருந்திருந்தா இப்படி விட்டிருக்குமான்னு...” என்று பாதியில் விட்டு, அடுப்பில் இல்லாத கெட்டிலை இறக்கி வைக்கப் போனான்.

குமுதா சிரிப்பை நிறுத்தினாள். உள்பாவாடையை மடித்துக்கொண்டே, “சரி, அம்மா மாதிரியே பார்த்துடுவோம்” என்றாள். “காலையில பின்வாசல்ல நிக்கிறேன். தெரிஞ்சா உள்பாவாடை. தெரியலன்னா இந்தப் பேச்சையே நீங்க எடுக்கக்கூடாது. டீலா?”

“டீல்.”

திங்கட்கிழமை விடிந்தது, ஆனால் வெயில் வரவில்லை. பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடியே தெரியாத மூடுபனி. பின்வாசலில் நின்ற குமுதா ஒரு சாம்பல் மூட்டை மாதிரி இருந்தாள். நாகப்பன் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான், மறு கண்ணை மூடிப் பார்த்தான். கால் தெரியவில்லை. கையும் தெரியவில்லை.

சாரதாவுக்கு வெயில் இருந்தது. அவனிடம் லோரி இருந்தது.

லைன் முன்னால் நிறுத்தியிருந்த லோரியில் ஏறி, பெரிய விளக்கைப் போட்டான். பனியைப் பிளந்து பாலாக வெளிச்சம் பாய்ந்தது. “லோரிக்கு முன்னால வந்து முதுகக் காட்டி நில்லும்மா!” என்று கத்திவிட்டு, இறங்கி அவளுக்கு எதிர்ப்பக்கமாக ஓடினான். பின்னால் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்த வங்காளதேசத்து ஆட்கள் நாலு பேர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். “சானா! சானா தெங்கோக்!” என்று, அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லி நாகப்பன் மலாயில் அதட்ட, நாலு பேரும் மரியாதையாக எதிர்ப்பக்கத்து மலையைப் பார்த்தார்கள். மலை தெரியவில்லை, ஆனாலும் பார்த்தார்கள்.

நாகப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

தெரிந்தது. கால் மட்டும் அல்ல, கறுப்பு ஷார்ட்ஸ், அதன் ஓரத் தையல், பாக்கெட்டில் இருந்த கைப்பேசி எல்லாம் தெரிந்தது.

“காலைல என்னாடா வெளிச்சம்? எங்கயாச்சும் தீயா?” வேலாயி போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். அவள் பின்னால் வேலைக்குக் கிளம்பிய திலகம், கூடையுடன். அடுத்தடுத்த கதவுகளும் திறந்தன. குமுதா வெளிச்சத்திலேயே நின்றுகொண்டு, முதலிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ரோஸ் உள்பாவாடை வரை. நாகப்பன் குத்துக்காலிட்டபடியே இருந்தான். எழுந்தால் எல்லார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்.

“அப்ப கல்யாணம் இல்லியா?” என்றாள் வேலாயி. அவள் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. பிறகு அவளும் குனிந்து வெளிச்சத்தைப் பார்த்தாள். “தெரியுதுதான். ஷார்ட்ஸாம் ஷார்ட்ஸ்! உள்பாவாடை போட்டா துணி உடம்புல ஒட்டாது, நடந்தா ஒரு அமைப்பு இருக்கும். பொம்பளைன்னா அது வேணும்டி.”

“நான் போடுறதே இல்ல, அத்த” என்றாள் திலகம்.

வேலாயி திரும்பினாள். “எத்தன நாளா?”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து.”

“பதினோரு வருஷமா என் வீட்டுல...! போடி அங்க, நில்லுடி வெளிச்சத்துல!”

திலகம் கூடையை வைத்துவிட்டு, கையை இடுப்பில் வைத்து வெளிச்சத்தில் நின்றாள். தடிப்பான கைலி, அதற்கு மேல் மலையில் பனித்தண்ணீர் படாமல் சுற்றுகிற பிளாஸ்டிக் தாள். ஒரு மண்ணும் தெரியவில்லை. “பாத்தீங்களா?” என்று ஒரு சுற்றுச் சுற்றினாள். உடனே மூன்றாம் வீட்டுக்காரி தன் கவுனைச் சோதிக்க வந்தாள். அது வலை மாதிரி இருந்தது. அவள் வந்த வேகத்தில் திரும்பி ஓடினாள். அதற்குப் பிறகு வரிசையே கூடிவிட்டது. ஒவ்வொருத்திக்கும் தீர்ப்பு, ஒவ்வொரு தீர்ப்புக்கும் சிரிப்பு. மலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் தோள்களும் குலுங்கின.

“என் பஸ் போயிடும்!” என்று குமுதா கத்தினாள்.

ரோஸைப் போட்டுப் பார்த்தார்கள். மேலே சுருட்டி நீளத்தைக் குறைத்தும் பயனில்லை. சந்தனப் பாவாடைக்குள் அது கொய்யாப்பழம் மாதிரி சிவந்து தெரிந்தது. வெள்ளை ஒன்று வந்தது; அது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. வேலாயி யோசித்தாள். விறுவிறுவென்று வீட்டுக்குள் போய், மடித்த துணி ஒன்றைக் கொண்டுவந்தாள். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த உள்பாவாடை. வருஷக்கணக்காகக் கொழுந்துச் சாறு பட்டுப் பட்டு, மனுஷர் தோல் நிறத்துக்கு வந்திருந்தது. மலையில் ஏற இறங்க வசதியாக முழங்காலோடு வெட்டித் தைத்தது.

“அத்த, இதயா?” என்றாள் குமுதா.

“துவைச்சதுதான்டி. இறுக்கிக் கட்டு.”

குமுதா உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்து வெளிச்சத்தில் நின்றாள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பாவாடைக்குள் ஒன்றுமே தெரியவில்லை. உள்பாவாடை இருப்பதும் தெரியவில்லை.

“கைப்பேசிய எங்க வைக்கிறது?” என்றாள் குமுதா.

“ஷார்ட்ஸும் போட்டுக்கோ, உள்ளுக்குள்ள” என்றாள் திலகம். இரண்டு கட்சிக்கும் அது சம்மதமாக இருந்தது. குமுதா உள்ளே ஓடி, வெளியே ஓடி, நாகப்பனின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

திலகமும் மற்றவர்களும் பின்னால் ஏறிக்கொள்ள, நாகப்பன் லோரியை எடுத்தான். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு வீடு பாக்கியில்லை. இரண்டு வருஷமாகக் கட்டிக் காத்ததை அவனே பெரிய விளக்குப் போட்டுக் காட்டிவிட்டான். இன்றைக்கு மலைமேல் கொழுந்து எடுக்கும்போது என்ன பேசுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அந்த வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் தெரியும்.

காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக் களத்தில் பெயர் பதியக் காத்திருந்த கிராணி தர்மேந்திரன், லோரியைக் கண்டதும் கடிகாரத்தைக் காட்டினார். “அரை மணி நேரம் லேட்டு, நாகப்பன்! என்னா, இஞ்சின் மக்கர் பண்ணுச்சா?”

நாகப்பன் வாயைத் திறந்தான். என்ன சொல்வது? அதற்குள் பின்னாலிருந்து திலகத்தின் குரல் வந்தது. அவள் குரல் எப்போதுமே மூன்று மலைக்குக் கேட்கும்.

“குமுதாவுக்கு இன்னைக்கு மொத நாள் வேல, கிராணி. பொண்ணு கிளம்புறப்ப ஆத்தாக்காரிக்கு நூறு வேல இருக்கும்ல?”

“குமுதாவுக்கு ஏது ஆத்தா?” என்றார் கிராணி, ஒன்றும் புரியாமல்.

“முன்னாடி உக்காந்திருக்குல்ல! மீசை வச்சிக்கிட்டு லோரி ஓட்டுது!”

லோரியே சிரித்தது. வங்காளதேசத்து ஆட்களுக்கு யாரோ மலாயில் சொல்ல, அவர்கள் தனியாக ஒருமுறை சிரித்தார்கள். நாகப்பன் தனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. கிராணி அவன் மீசையையே பார்த்துக்கொண்டு நின்றார். நாகப்பன் கண்ணாடியில் அதை ஒருமுறை பார்த்துக்கொண்டு, ஒதுக்கிவிட்டு, “எறங்குங்கடி எல்லாரும், நேரமாச்சு” என்றான். பிறகு பனி ஒத்துக்கொள்ளாத மாதிரி இருமிக் காட்டினான்.