கடைசி ஜாடி யாருக்கு

சீட்ஸ்காவின் இழுவைக் கப்பலுக்குப் பெயிண்ட் அடித்து மூன்று வாரமாகியும் அது காயவில்லை. ஒன்றேகால் மீட்டர் நீள மாதிரிக் கப்பல். தள்ளி நின்று பார்த்தால் கறுப்புப் பட்டு உடுத்தியது போல இருக்கும். தொட்டால் வெல்லப்பாகாக ஒட்டும்.

ஹார்லிங்கன் துறைமுக ஊரின் மாதிரிக் கப்பல் சங்கத்தில் இது தெரியாதவர் இல்லை. காரணமும் எல்லாருக்கும் தெரியும். அவள் புருஷன் ஹீல்கே. பெயிண்ட் அடித்த அன்று காஸ் வீணாகிறதே என்று கொட்டகையின் ஹீட்டரை அணைத்துவிட்டார். அவர்கள் அடிப்பது நிஜக் கப்பலுக்கு அடிக்கும் எபாக்ஸி. இரண்டு டப்பாவாக வரும். ஒன்றில் பெயிண்ட், இன்னொன்றில் ஹார்டனர். இரண்டையும் நாலுக்கு ஒன்று என்று கலந்தால்தான் இறுகும். குளிர் பட்டால் முரண்டு பிடிக்கும். இத்தனையும் தெரிந்த வீட்டில் இருந்துகொண்டு ஹீட்டரை அணைத்தவருக்காகப் பரிந்து பேச ஒருவரும் வரவில்லை.

உண்மையான காரணம் வீப்ரன் ஹைட்ஸ்மா ஒருவருக்குத்தான் தெரியும்.

வீப்ரன் துறைமுகக் கடையில் முப்பத்துநாலு வருடம் கயிறும் சங்கிலியும் பெயிண்டும் விற்றவர். போலந்துக் கேப்டன், போர்ச்சுகல் கேப்டன் என்று யார் வந்து எவ்வளவு அடித்துக் கேட்டாலும் சிரித்த முகத்தோடு இரண்டு யூரோ கூடவே வாங்கிவிடுவார். வாங்கியவரும் தனக்குத்தான் லாபம் என்று நினைத்துப் படியிறங்குவார். ஆனால் அளவில் கைவைத்தார் என்று யாரும் சொன்னதில்லை. விலையில் விளையாடலாம், அளவில் கூடாது என்பது அவர் கடை வைத்திருந்த லட்சணம். அதனால்தான் சங்கத்தில் பெயிண்ட் ஊற்றும் வேலையை அவரிடம் விட்டிருந்தார்கள்.

அந்த எபாக்ஸியைக் கப்பல் பட்டறையில் ஐந்து லிட்டர் செட்டாகத்தான் கொடுப்பார்கள். ஒரு பொம்மைக் கப்பலுக்கு அவ்வளவு பெயிண்ட் எதற்கு? சங்கத்தில் பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒரு செட் வாங்குவார்கள். பெயிண்டை ஜாம் ஜாடியிலும் ஹார்டனரைக் கடுகு ஜாடியிலும் ஊற்றிப் பிரித்துக்கொள்வார்கள். இதில் ஒரே ஒரு சட்டம் உண்டு. ஊற்றுகிறவருக்குக் கடைசி ஜாடி. கூடினாலும் குறைந்தாலும் அது அவர் தலையில். இந்தச் சட்டம் இருக்கும்வரை ஊற்றுகிறவர் கையைக் கண்காணிக்க ஆள் வேண்டாம்.

இந்த வருடம் ஊற்றிய அன்று மற்றவர்கள் காபி குடிக்கக் கீழே போயிருந்தார்கள். சீட்ஸ்கா பல் ஆஸ்பத்திரி வேலையை விட்டு வரமுடியாமல், தன் பங்கை எடுத்துவைக்கச் சொல்லியிருந்தாள். வீப்ரன் ஊசிக்குழாயால் பதினொரு ஜாடியைத் துல்லியமாக நிரப்பி, பன்னிரண்டாவதையும் நிரப்பி, மூடி போடப் போகும்போது ரப்பர் கையுறை வழுக்கிவிட்டது. பாதி ஹார்டனர் மேஜையில்.

அது அவருடைய ஜாடி. அவருடைய நஷ்டம். இந்த வருடம் அவர் கப்பலுக்குப் பெயிண்ட் இல்லை, அவ்வளவுதான். துடைத்துவிட்டு, கீழே போய்ச் சொல்லியிருந்தால் நாலு பேர் கேலி பண்ணியிருப்பார்கள், சாயங்காலத்துக்குள் மறந்தும் போயிருப்பார்கள்.

பக்கத்தில் தின்னர் டின் இருந்தது. ஹார்டனரிலும் கொஞ்சம் தின்னர் இருக்கத்தானே செய்கிறது, கம்பெனிக்காரன் எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருப்பான் என்று முப்பத்துநாலு வருட வியாபாரம் காதில் ஓதியது. ஜாடி நிரம்பியது. நிறம் மட்டும் பால் ஊற்றாத லைட் டீ போல வெளுத்திருந்தது. காலடிச் சத்தம் படியேறியபோது சீட்ஸ்காவின் பெயர்ச்சீட்டு அந்த ஜாடியில் இருந்தது. அவளுடைய ஜாடி அவருடைய பைக்குள் இருந்தது. எப்படி மாறியது என்று கேட்டால், கை தானாகச் செய்தது என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கை தானாகச் சீட்டை உரித்து ஒட்டாது என்பது அவருக்கும் தெரியும்.

இப்போது புதன்கிழமை காலை பத்து மணிக் காபிக்கு சீட்ஸ்கா கூப்பிட்டிருந்தாள். காபியோடு வெண்ணெய் தடவிய சர்க்கரை ரொட்டி. சும்மா ஒரு பிஸ்கட்டோடு டப்பாவை மூடிவிடும் வீட்டில் சர்க்கரை ரொட்டி வந்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

காரியம் மேஜையிலேயே இருந்தது. பெயிண்ட் உரிக்கும் மருந்து, ஐந்து லிட்டர் கேன்.

“நீதான் சொல்லணும் வீப்ரன்,” என்றாள். “உரிச்சிடலாமா, இன்னும் பார்க்கலாமா?”

இன்னும் ஒரு வாரம் சூடாக வைத்துப் பார்க்கலாமே என்று அவர் இழுத்தார். போன வாரமும் இதையேதான் சொன்னாய், அதற்கு முந்தின வாரமும் இதையேதான் சொன்னாய் என்றாள். உரிப்பு மருந்தைத் தடவினால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். கப்பலின் உடம்பு முழுக்க இரண்டாயிரத்து முந்நூறு ஆணித்தலைகள். ஒவ்வொன்றும் ஊசி முனையில் எடுத்து வைத்த வெள்ளைப் பசைச் சொட்டு. இரண்டு குளிர்காலம் பிடித்த வேலை. மருந்து பெயிண்டோடு சேர்த்து அத்தனையையும் தின்றுவிடும். ஆனால் குளிரில் கெட்டுப்போன எபாக்ஸிக்கு வேறு வழியில்லை என்று படித்திருந்தாள். நாளை மதியம் தடவப் போகிறாள்.

அப்போது ஹீல்கே தோட்டத்துப் பக்கமிருந்து எட்டிப்பார்த்தார். அவர் கொட்டகைக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. குற்றத்துக்குப் பரிகாரமாகச் சொந்தக் காசில் இரண்டு ஹீட்டரும் ஒரு வெப்பமானியும் வாங்கி, ஜன்னல் கண்ணாடி வழியே மணிக்கொரு தடவை பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இருபத்திரெண்டரை,” என்றார்.

“அன்னைக்குப் பார்த்திருக்கணும் அதை,” என்றாள் சீட்ஸ்கா, திரும்பாமலே.

ஹீல்கே தலையை ஆட்டிக்கொண்டு மறைந்தார். அதில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. நியாயமான விலையைக் கேட்டு ஒத்துக்கொண்ட ஆள் மாதிரி ஒரு தலையாட்டல். ரொட்டியைச் சாப்பிடாமல் விட்டால் ஏன் என்று கேட்பாளோ என்று வீப்ரன் காபியை ஊற்றி விழுங்கினார்.

வீட்டுக்கு வந்தால் கூடத்து மேஜையில் அவருடைய சொந்தக் கப்பல். சிவப்பு நிற மீன்பிடிப் படகு. முகம் பார்த்துச் சீவிக்கொள்ளலாம், அப்படி ஒரு மினுமினுப்பு. போன சனிக்கிழமை சங்கத்தில் எல்லோரும் சுற்றி நின்று புகழ்ந்தார்கள். கலவை வீப்ரனுடையது என்றால் சும்மாவா என்றார்கள். சீட்ஸ்காகூட நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, உங்க வீட்டில் ஹீட்டரை அணைக்க ஆளில்லை, அதான் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஹீல்கேயும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் வீப்ரனுக்கு உட்கார முடியவில்லை.

ஒரு மணி நேரம் மனசுக்குள் பேரம் நடந்தது. பெயர் தெரியாமல் ஒரு நல்ல ஹார்டனர் ஜாடியை அவள் வாசலில் வைத்துவிடலாமா? பட்டறையில் சரக்கே மோசம் என்று ஒரு வார்த்தை விட்டுவைக்கலாமா? ஒவ்வொரு விலையாக இறங்கிப் பார்த்தார். எந்த விலையிலும் ஹீல்கே தோட்டத்திலேயேதான் நின்றார். கடைசியில், மீந்துபோன ஹார்டனரோடு அந்தக் கடுகு ஜாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

சீட்ஸ்கா கொட்டகையில் கப்பலுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“உன் ஹார்டனர்ல பாதி தின்னர்,” என்றார் வீப்ரன். “நான்தான் ஊத்தினேன்.”

அவள் சிரித்துவிட்டாள்.

“ஹீல்கே போன் பண்ணி அழுதாரா? ஆம்பளைங்க ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்திக்கிறது அழகாத்தான் இருக்கு. பொய்யைக் கொஞ்சம் நம்புற மாதிரி சொல்லப்படாதா? நீ நர்சு மாதிரி ஊசிக்குழாய்ல அளக்கிற ஆளு.”

சிந்தியதைச் சொன்னார், சீட்டு மாற்றியதைச் சொன்னார். அவள் நம்பவில்லை. சொல்லச்சொல்ல அவர் மேல் அவளுக்கு மரியாதைதான் கூடிக்கொண்டு போனது. இவ்வளவு தூரம் சிநேகிதனுக்காக யார் வருவார்கள் என்றாள். நல்ல பெயர் இப்படிக் காலை வாரும் என்று வீப்ரன் எதிர்பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் சட்டைப்பையிலிருந்து ஜாடியை எடுத்து வைத்து, உன்னுடையதையும் கொண்டுவா என்றார்.

இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது அவள் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஒன்று கட்டன் சாயா, ஒன்று லைட் டீ. ஒரு வெள்ளை டைலை எடுத்தாள். அவரைத் தொடவிடாமல், தானே நாலுக்கு ஒன்று அளந்து, தனித்தனியாகக் கலந்து, இடமும் வலமுமாக இரண்டு சொட்டு வைத்தாள். டைலை அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் வைத்துவிட்டு, நாளைக்குப் பத்து மணிக்கு வா என்றாள்.

மறுநாள் காலை சைக்கிளில் வரும்போது, இரண்டு சொட்டுமே இறுகியிருக்கட்டும் என்று அவர் மனசு ஒரு தடவை ஆசைப்பட்டது. ஒப்புக்கொண்ட புண்ணியமும் கிடைக்கும், குற்றமும் போய்விடும். அப்படி ஒரு லாபத்தை நினைத்ததற்காக அடுத்த தெருமுனைவரை வெட்கப்பட்டுக்கொண்டே வந்தார்.

டைல் சமையலறை மேஜைமேல் இருந்தது. இந்தத் தடவை ஹீல்கேயையும் உட்காரவைத்திருந்தாள். காபி இல்லை. முதலில் வீப்ரன் கொண்டுவந்த ஜாடிச் சொட்டை நகத்தால் கீறினாள். கீறல் விழவில்லை. அடுத்ததில் கட்டைவிரலை வைத்து எடுத்தாள். ரேகை அப்படியே பதிந்திருந்தது. விரலில் பிசுக்கு.

“அந்த நல்ல ஜாடி யாரோடது?” என்று கேட்டாள்.

“உன்னோடது.”

“அப்ப சனிக்கிழமை நான் தட்டிப் பார்த்தேனே, உன் படகு.”

“உன் ஹார்டனர்தான்.”

அவள் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள், பிசுக்குப் போன பிறகும். திட்டியிருந்தால் வீப்ரனுக்குக் கொஞ்சம் இளைப்பாறலாக இருந்திருக்கும்.

ஹீல்கேதான் தொண்டையைச் செருமினார். “நானும்தான் ஹீட்டரை அணைச்சேன். ரெண்டு மணி நேரம். ஆளுக்குப் பாதின்னு வெச்சுக்குவோமே.”

வீப்ரன் வாழ்க்கையில் தள்ளுபடி என்று ஒருவர் கொடுத்து வேண்டாமென்று சொன்னதில்லை. பாதி விலை, அதுவும் கேட்காமலே, அதுவும் நஷ்டப்பட்டவர் வாயாலேயே. வாங்கிக்கொண்டால் மூன்று பேருமே காபி குடித்துவிட்டு எழுந்துவிடலாம். மரியாதையில் பாதியாவது மிஞ்சும்.

“இல்ல ஹீல்கே,” என்றார். “குளிர்ல அது தூங்கும், அவ்வளவுதான். சூடு காட்டினா எந்திரிச்சிடும். நீ காட்டின சூட்டுக்கு, நல்ல ஹார்டனரா இருந்தா ரெண்டாம் நாளே கல்லாயிருக்கும். இதுல உன் பங்குன்னு ஒண்ணும் கிடையாது. பூராவும் என்னோடது.”

ஹீல்கே மனைவியைப் பார்த்தார். சீட்ஸ்கா அவரைப் பார்க்காமல் டைலையே பார்த்தாள். அவள் முகம் மெல்லச் சிவந்தது. மூன்று வாரமாகச் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கு நினைவு வருவது வெளியே தெரிந்தது.

உரிப்பு மருந்தைத் தொடாதே என்று வீப்ரன் சொன்னார். ஹார்டனர் குறைந்து இறுகாத பெயிண்டுக்கு அது தேவையில்லை. சாதாத் தின்னரும் மெதுவான பிரஷும் போதும், தோய்த்துத் தோய்த்து எடுத்தால் தானே கரைந்து வரும், பசைச் சொட்டுகள் நிற்கும். நேற்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும், மூன்று வாரம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். அதையும் சொன்னார்.

அவள் எழுந்து கொட்டகைக்குப் போனாள். இருவரும் பின்னால் போய் வாசலில் நின்றார்கள். கப்பலின் பின்பக்கத்து மூலையில் ஒரு கை அகலத்துக்குத் தோய்த்தாள். கறுப்புத் தண்ணீர் வழிந்தது. துணியால் ஒற்றி எடுத்தாள். சாம்பல் நிற உடம்பில் மூன்று வரிசை ஆணித்தலைகள், ஒன்றுகூடக் குறையாமல்.

“ஹீல்கே,” என்றாள். “உள்ள வா. இன்னொரு பிரஷ் இருக்கு பாரு.” தோய்ப்பதை நிறுத்தாமலே, “நான் ரொம்பப் பேசிட்டேன்,” என்றாள். ஹீல்கே செருப்பைக் கழற்றிவிட்டுக் கோவிலுக்குள் போவது போல உள்ளே போனார்.

வீப்ரனும் ஒரு பிரஷை எடுக்கக் கை நீட்டினார். வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள்.

சனிக்கிழமை கூட்டத்தில் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றார்.

“சனிக்கிழமை வரைக்கும் எதுக்கு? சங்கம் பூரா ஹீல்கேயைப் பார்த்துச் சிரிச்சிருக்கு. இன்னைக்கே மிச்சம் பத்துப் பேருக்கும் போன் பண்ணு. சமையலறைல உட்கார்ந்து பண்ணு, இங்க கேக்கட்டும்.”

சமையலறையில் உட்கார்ந்து முதலில் சங்கத் தலைவர் ஃபொப்பேவைக் கூப்பிட்டார். சொன்னார். அந்தப் பக்கம் ஃபொப்பே விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனசய்யா உனக்கு, அந்தப் பாவப்பட்ட மனுசனுக்காக இவ்வளவு தூரம் பேசுறியே என்றார். வீப்ரன் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். ரப்பர் கையுறை, தின்னர் டின், பெயர்ச்சீட்டு. கயிறு விற்றிருக்கிறார், துருப்பிடிக்கும் சங்கிலியைத் துருப்பிடிக்காது என்று விற்றிருக்கிறார். இப்படி ஒரு சரக்கு கையில் தங்கியதே இல்லை.

ஃபொப்பே சிரிப்பை நிறுத்தக் கால் மணி நேரம் ஆனது. நிறுத்தியபின் பட்டென்று போனை வைத்துவிட்டார்.

வீப்ரன் காதைத் துடைத்துக்கொண்டு அடுத்த எண்ணைப் போட்டார். இன்னும் ஒன்பது பேர்.